பெத்ரியா, எஸ்மா, மிலேனா

மிரியானா கரானொவிச்சை எனக்கு முதலில் பிடிக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. விடுதித் தோழியின் மடிக்கணினியில் 'க்ர்பாவிட்சா' பார்த்தோம். ஆளுக்கொரு கிண்ணம் மெகி மீ. போர் முடிந்த சரயேவோ நகரத்தில் மகளோடு தனியாக வாழும் எஸ்மா என்ற பெண்ணின் கதை. எஸ்மாவாக நடித்தவர்தான் மிரியானா. படம் முடிந்ததும் நான் கேட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது: "இந்தம்மா ஏன் இவ்ளோ நேரம் அழவே மாட்டேங்குறாங்க?" சன் டிவி அம்மாக்களைப் பார்த்து வளர்ந்த கண். ஒரு முகம் எதையோ மறைக்கிறது என்றால், மறைப்பது நமக்குத் தெரிகிற மாதிரி மறைக்க வேண்டும் என்று பழக்கப்பட்ட கண். எஸ்மா அப்படியில்லை. காய்கறி வாங்கினாள், இரவு விடுதியில் மேசை துடைத்தாள், மகளின் பள்ளிச் சுற்றுலாவுக்கு 200 யூரோ தேடி அலைந்தாள். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

பத்து வருடம் கழித்து அந்த முகத்திடம் திரும்பி வந்தேன். சுற்றிவளைத்துத்தான். யஸ்மிலா ஷ்பானிச்சின் 'குவோ வாதிஸ், ஐதா?' (2020) பார்த்துவிட்டு அதைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். ஸ்ரெப்ரெனிட்சாவில் ஐநா படைக்கு மொழிபெயர்ப்பாளராக வேலை பார்க்கும் ஐதா, தன் கணவனையும் மகன்களையும் காப்பாற்ற ஓடுகிற ஓட்டம். சப்டைட்டில் எழுதிப் பிழைப்பவள் நான்; மொழிபெயர்ப்பாளர் கதாநாயகியாக வந்தால் விடுவேனா? அந்தப் படத்தில் ஐதாவாக நடித்த யஸ்னா ஜூரிசிச் செர்பியர். ஜெனரல் ம்லாதிச்சாக நடித்த போரிஸ் இசாகொவிச்சும் செர்பியர். அதைவிட, இருவரும் நிஜ வாழ்க்கையில் கணவன் மனைவி. இது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவர்கள் இருவரும் வேறெதில் சேர்ந்து நடித்திருக்கிறார்கள் என்று தேடியபோது 2016ல் வந்த 'தோப்ரா ஷேனா' என்ற படம் கிடைத்தது. 'நல்ல மனைவி' என்று அர்த்தம். அதன் இயக்குநர், கதாநாயகி, திரைக்கதை எழுதியவர்களில் ஒருவர், எல்லாம் அதே மிரியானா கரானொவிச்.

கட்டுரை எழுதுவது நின்றது. ஒரு மாதம் அவர் படங்களாகவே பார்த்தேன்.

1957ல் பெல்கிரேடில் பிறந்தவர். அங்கேயே நாடகக் கலை படித்தவர். 1980ல் வந்த 'பெத்ரியின் வேநாட்ஸ்' அவரைத் தூக்கி நிறுத்திய படம்; 'பெத்ரியாவின் மலர்வளையம்' என்று சொல்லலாம். இயக்குநரின் பெயர் ஸ்ர்ஜான் கரானொவிச். குடும்பப் பெயர் ஒன்றாக இருக்கிறதே, அப்பாவா அண்ணனா என்று நானும் தேடினேன். உறவில்லை.

பெத்ரியா எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண். சுரங்கத் தொழிலாளர்கள் வாழும் பகுதி. அவள் வாழ்க்கையில் மூன்று ஆண்கள் வருகிறார்கள், போகிறார்கள். பிள்ளைகளைப் பறிகொடுக்கிறாள். உலகப்போர் ஒன்று வந்து போகிறது, ஆட்சி மாறுகிறது, அரசர் போய்க் கம்யூனிஸ்டுகள் வருகிறார்கள். பெத்ரியாவுக்கு அதெல்லாம் வாசலில் போகிற வண்டிச் சத்தம். த்ராகொஸ்லாவ் மிகைலொவிச்சின் நாவலிலிருந்து எடுக்கப்பட்டது. நாவல் முழுக்க பெத்ரியாவே தன் கிராமத்துப் பேச்சில் சொல்லிக்கொண்டு போவதாக எழுதப்பட்டது. எனக்கு செர்பிய மொழி ஒரு எழுத்து தெரியாது. ஆனால் காதில் விழுகிறபோதே இது தலைநகரத்துப் பேச்சு இல்லை என்று தெரிந்துவிடுகிறது. லயத்து வீட்டில் பிறந்த பாட்டியிடம் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காது இருக்கும். வார்த்தை புரியாவிட்டாலும், பேசுகிறவள் யாருக்கும் பயந்து திருத்திப் பேசவில்லை என்பது புரியும்.

அப்போது மிரியானாவுக்கு இருபதுகளின் தொடக்கம்தான். இளம் பெண்ணிலிருந்து தேய்ந்துபோன பெண் வரைக்கும் ஒரு முழு ஆயுளை நடிக்கிறார். பூலா திரைப்பட விழாவில் அவருக்குத் தங்க அரேனா விருது கிடைத்தது. பழைய யூகோஸ்லாவியாவில் அதற்குமேல் ஒரு நடிகைக்கு என்ன கிடைக்கும்?

அடுத்தது குஸ்துரிட்சா. இந்தப் பெயர் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 'அப்பா வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கிறார்' 1985ல் கான் விழாவில் தங்கப் பனை வாங்கியது. டிட்டோவும் ஸ்டாலினும் முறைத்துக்கொண்ட காலம். நாளிதழில் வந்த கேலிச்சித்திரம் ஒன்றைப் பார்த்து வாய்தவறிச் சொன்ன ஒரு வார்த்தைக்காக ஒரு குடும்பத்தலைவரை உழைப்பு முகாமுக்கு அனுப்பிவிடுகிறார்கள். சின்ன மகனிடம் 'அப்பா வேலையா வெளியூர் போயிருக்கார்' என்று சொல்லிச் சமாளிக்கும் அம்மா சேனாவாக மிரியானா. அந்த அப்பாவுக்கு ஒரு காதலி இருக்கிறாள், போட்டுக்கொடுத்ததே அவள்தான். காதலியாக நடித்தவர் மிரா ஃபுர்லான். 'லாஸ்ட்' தொடர் பார்த்தவர்களுக்கு, தீவில் தனியாகத் திரியும் அந்த ரூசோ.

மிரா ஃபுர்லானைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் என்னால் தாண்ட முடியவில்லை. அவர் குரோவேஷியர், ஸாக்ரெப் நகரத்துக்காரர். 1991ல் நாடு உடைந்தபோதும் ஸாக்ரெப், பெல்கிரேட் இரண்டு இடத்து மேடையிலும் நடித்தார். அதற்காக சொந்த ஊர்ப் பத்திரிகைகள் அவரைத் துரோகி என்று கிழித்தன. வேலை போனது. அந்த ஆண்டே அமெரிக்காவுக்குப் போய்விட்டார். 2021ல் இறந்தார். 'அப்பா வேலை விஷயமாக' படத்தில் இந்த இரண்டு பெண்களும் அடித்துக்கொள்ளும் காட்சியை இப்போது பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. ஆறு வருடத்தில் இந்த இருவருடைய ஊரும் ஒன்றையொன்று சுடப்போகிறது. அவர்களுக்குத் தெரியாது. ஒரு ஆம்பளைக்காகத் தலைமுடியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

'அண்டர்கிரவுண்ட்' (1995) படத்திலும் மிரியானா இருக்கிறார். அதுவும் தங்கப் பனை. நிலவறையில் பிள்ளை பெற்றுவிட்டுச் செத்துப்போகிற வேரா. அந்தப் படத்தைப் பற்றி ஏற்கெனவே ஊரே எழுதியாகிவிட்டது, எனக்கு அதன்மேல் பெரிய பிரியமும் இல்லை. ஒரு நாடு சாவதை இத்தனை பாண்டு வாத்தியத்தோடு சொல்ல வேண்டுமா என்று ஒவ்வொரு முறையும் தோன்றும்.

எனக்கு முக்கியமான மிரியானா போருக்குப் பிறகுதான் தொடங்குகிறார். 2003ல் வின்கோ ப்ரேஷான் எடுத்த 'சாட்சிகள்' குரோவேஷியப் படம். குரோவேஷிய வீரர்கள் ஒரு செர்பியரைக் கொன்றுவிடுகிறார்கள். அதை ஊர் எப்படி மூடி மறைக்கிறது என்பது கதை. அதில் ஒரு குரோவேஷியத் தாயாக மிரியானா. போருக்குப் பிறகு அந்த எல்லையைத் தாண்டிப் போய் நடித்த முதல் சில செர்பிய நடிகர்களில் ஒருவர். மூன்று வருடம் கழித்து போஸ்னியாவுக்குப் போனார். எஸ்மா ஆனார்.

'க்ர்பாவிட்சா'வை மறுபடி போட்டேன்.

பத்து வருடத்துக்கு முன்னால் எதைத்தான் பார்த்தேனோ. தொடக்கத்தில் எஸ்மாவும் மகள் சாராவும் தரையில் புரண்டு கிச்சுகிச்சு மூட்டி விளையாடுகிறார்கள். மகள் அம்மாவை மல்லாக்கக் கிடத்தி இரண்டு கையையும் அழுத்திப் பிடிக்கிறாள். ஒரு நொடி. எஸ்மாவின் சிரிப்பு அறுந்துவிடுகிறது. 'போதும், எழுந்திரு.' அப்புறம் நெரிசலான பேருந்தில், பக்கத்தில் நிற்கிற ஒருவனின் திறந்த சட்டை, நெஞ்சு முடி, சங்கிலி. அவன் ஒன்றுமே செய்யவில்லை. எஸ்மா இறங்கிவிடுகிறாள். மெகி மீ சாப்பிட்டுக்கொண்டே நான் தவறவிட்டது இதைத்தான். எல்லாம் முதலிலேயே சொல்லப்பட்டுவிட்டது. நான் கேட்கவில்லை.

தந்தை போரில் வீரமரணம் அடைந்ததற்குச் சான்றிதழ் இருந்தால் பள்ளிச் சுற்றுலாவுக்குக் கட்டணச் சலுகை. சாரா அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எஸ்மா அதைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டே பணம் தேடுகிறாள். அப்படி ஒரு சான்றிதழ் கிடையாது. முற்றுகைக் காலத்தில் க்ர்பாவிட்சா பகுதி போஸ்னிய செர்பியப் படைகளின் கையில் இருந்தது. முகாமில் நடந்த வன்புணர்வில் பிறந்தவள் சாரா. போஸ்னியப் போரில் இப்படிச் சிதைக்கப்பட்ட பெண்கள் 20,000 முதல் 50,000 வரை இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

அந்தப் பெண்ணாக, பெல்கிரேடிலிருந்து வந்த ஒரு செர்பிய நடிகை.

என் தோழி ஒருத்தியோடு இதைப் பற்றி வாட்சாப்பில் மணிக்கணக்காகச் சண்டை. "செஞ்சவன் பக்கத்து ஆளு, செய்யப்பட்டவளா நடிக்கறதா? கேட்கவே ஒரு மாதிரி இருக்கு" என்றாள். அவள் சொன்னதைத் தள்ளிவிட முடியவில்லை. ஆனால் மிரியானாவுக்கு இதில் என்ன லாபம் என்று பார்த்தேன். 2006 பிப்ரவரியில் படம் பெர்லினில் தங்கக் கரடி வாங்கியது. விருது மேடையிலேயே ஷ்பானிச், கராஜிச்சும் ம்லாதிச்சும் இன்னும் ஐரோப்பாவில் சுதந்திரமாகத் திரிகிறார்கள் என்று பேசினார். அடுத்த மாதம் பெல்கிரேடில் முதல் காட்சி. தேசியவாதிகள் கூட்டம் கத்திக் கலாட்டா செய்தது. போஸ்னியாவின் செர்பியப் பகுதியில் படம் திரையரங்குக்கே வரவில்லை. அவர் அங்கே விருந்தாளி இல்லை, பெல்கிரேடுக்காரர். மறுநாள் காலையில் ரொட்டி வாங்க அதே தெருவில்தான் நடக்க வேண்டும்.

இன்னொன்றும் நடந்தது. படத்தோடு சேர்த்து ஒரு கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். போரில் வன்புணர்வுக்கு ஆளான பெண்களுக்கு, 'போரால் பாதிக்கப்பட்ட பொதுமக்கள்' என்ற சட்டத் தகுதிகூட அதுவரை சரியாகக் கிடையாது. அந்த ஆண்டு போஸ்னியக் கூட்டமைப்புப் பகுதியில் சட்டம் மாறியது. மாத உதவித்தொகைக்கு வழி பிறந்தது. சினிமாவால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டால் நான் இதைச் சொல்வது வழக்கம்.

அதே 2006ல் 'தாஸ் ஃப்ராய்லைன்' என்ற படமும் வந்தது. ஸூரிக்கில் உணவகம் நடத்தும் ரூஷா, பல வருடமாக ஊருக்குப் போகாத, சில்லறையைக்கூட எண்ணி அடுக்கிவைக்கும் செர்பியப் பெண். லொகார்னோவில் தங்கச் சிறுத்தை. ஒரே ஆண்டில் கரடியும் சிறுத்தையும். வயது 49. நம் ஊரில் அந்த வயதில் நாயகனுக்கு அக்காவாகக்கூட அழைக்க மாட்டார்கள்.

இப்போது 'தோப்ரா ஷேனா'.

பெல்கிரேடுக்குப் பக்கத்தில் பான்சேவோ என்ற ஊர். மிலேனா ஐம்பது வயதை ஒட்டிய இல்லத்தரசி. நல்ல வீடு, தோட்டம், கணவன் வ்லாதா, அவன் பழைய கூட்டாளிகள், குடி, பாட்டு. ஒரு நாள் வீட்டைச் சுத்தம் செய்யும்போது ஒரு வீடியோ கேசட் அகப்படுகிறது. போட்டுப் பார்க்கிறாள். கணவனும் அந்தக் கூட்டாளிகளும் சீருடையில். கைகட்டிய பொதுமக்களைச் சுட்டுக் கொல்கிறார்கள். இதற்குப் பின்னால் ஒரு நிஜச் சம்பவத்தின் நிழல் இருக்கிறது: 2005 ஜூனில், மிலொஷெவிச் வழக்கில் ஹேக் நீதிமன்றத்தில் காட்டப்பட்ட நாடா. 'தேள்கள்' என்ற பெயர்கொண்ட துணைப்படை, ஸ்ரெப்ரெனிட்சாவிலிருந்து கொண்டுவந்த ஆறு பேரைச் சுட்டுக் கொன்றதை அவர்களே படம் எடுத்து வைத்திருந்தார்கள். பத்து வருடம் அது யார் யார் வீட்டு அலமாரியிலோ கிடந்திருக்கிறது. கல்யாண கேசட்டு பக்கத்தில் என்று நினைத்துக்கொள்கிறேன்.

மிலேனா கேசட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிடுகிறாள். சமைக்கிறாள். பரிமாறுகிறாள். அவள் மார்பில் ஒரு கட்டியும் இருக்கிறது. அதையும் இருந்த இடத்திலேயே வைத்திருக்கிறாள்.

இங்கே படத்தை நிறுத்தினேன். இரவு ஒன்றரை மணி. பக்கத்து அறையில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தார்.

சில மாதமாகவே அம்மா இடது பக்கம் சாய்ந்து படுப்பதில்லை. பத்துக் கிலோ அரிசி மூட்டையை காரிலிருந்து தானே தூக்கிவருகிற ஆள், "தம்பி வரட்டும், எடுப்பான்" என்று விட்டுவிடுகிறார். ஒரு நாள் துணி காயப்போடும்போது கையைத் தூக்கியவர் அப்படியே இறக்கிக்கொண்டார். எல்லாவற்றையும் நான் பார்த்தேன். பார்த்து, உள்ளே வந்து, சப்டைட்டில் அடித்தேன். "வயசாகுதில்ல" என்று எனக்கு நானே ஒரு வரி எழுதிக்கொண்டேன். திரையில் இரண்டு நொடி நின்று மறைகிற வரி.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு படுகொலை நாடாவையும் என் அம்மாவின் கட்டியையும் ஒரே வாக்கியத்தில் வைப்பது எனக்கு அசிங்கமாக இருக்கிறது. படத்திலேயே அந்த இணைப்பு கொஞ்சம் துருத்திக்கொண்டுதான் நிற்கிறது. உடம்புக்குள் கட்டி, நாட்டுக்குள் கட்டி என்று விமர்சகர்கள் எழுத வசதியாக. அதை எழுதியவர் மிரியானா என்றால், அதைக் காப்பாற்றியவரும் மிரியானாதான். கட்டியைத் தொட்ட கை அடுத்த நிமிடம் ரொட்டி வெட்டுகிறது. அந்தக் கையை நான் சமையலறையில் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் பசியாறும்போது கேட்டேன்.

"மா, உங்களுக்கு நெஞ்சுல ஏதாச்சும் கட்டி இருக்கா?"

அம்மா தோசையைத் திருப்பிப் போட்டார். "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல."

"ஒன்னுமில்ல. கொழுப்புக் கட்டி. ஒங்க பாட்டிக்கும் இருந்துச்சு."

"எப்போலருந்து?"

பதில் வர நேரமாயிற்று. அடுப்பை அணைத்துவிட்டுச் சொன்னார். "தீபாவளிக்கு முன்ன."

அப்போது ஜூன். எட்டு மாதம். பாட்டி எதனால் இறந்தார் என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரிக் கதையை விரிவாக எழுதப்போவதில்லை. மெமோகிராம், பயாப்சி, காத்திருப்பு. இரண்டாம் நிலை என்றார்கள். அறுவை சிகிச்சை, அப்புறம் கீமோ. எட்டு மாதத்துக்கு முன்னாலேயே வந்திருந்தால் என்று மருத்துவர் ஆரம்பித்தார். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "விடுங்க டாக்டர்" என்று மலாயில் சொன்னார். அந்த எட்டு மாதத்தில் அம்மாவுக்கு எத்தனை பங்கு, எனக்கு எத்தனை பங்கு என்று கணக்குப் போட்டுப் பார்க்காத இரவு இல்லை.

'தோப்ரா ஷேனா'வின் மீதியை மூன்று வாரம் கழித்துத்தான் பார்த்தேன். மிலேனா கடைசியில் என்ன செய்கிறாள் என்று இங்கே சொல்ல மாட்டேன், தேடிப் பாருங்கள். மிரியானா அதற்குப் பிறகு 2024ல் 'தாய் மாரா' என்று இன்னொரு படமும் இயக்கியிருக்கிறார். மகனைப் பறிகொடுத்த தாய். அதை நான் இன்னும் பார்க்கவில்லை. இப்போதைக்கு முடியும் என்றும் தோன்றவில்லை.

மூன்றாவது கீமோ முடிந்த வாரம், அம்மாவுக்கு டிவி சீரியலின் சத்தம் பிடிக்கவில்லை. "சத்தமில்லாத படம் ஏதாச்சும் போடு" என்றார். யோசித்துவிட்டு 'க்ர்பாவிட்சா'வைப் போட்டேன். அம்மாவுக்கு ஆங்கில சப்டைட்டில் வேகமாகப் படிக்க வராது. பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். எத்தனையோ தொடருக்கு எழுதியிருக்கிறேன். எதிரில் ஆளை வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தது அதுதான் முதல்முறை.

"எந்த ஊரு இது?"

"போஸ்னியா."

"ஓ, போஸ்னியாவா? அப்போ டெய்லி நியூஸ்ல காட்டுவாங்க. இங்ககூட கொஞ்ச பேரு வந்து இருந்தாங்க. ஃபேக்டரில காசு சேத்தோம், நானும் அஞ்சு வெள்ளி போட்டேன்." மலேசியா அந்தக் காலத்தில் போஸ்னிய அகதிகளை ஏற்றுக்கொண்டது எனக்குத் தெரியும். அம்மா ஐந்து வெள்ளி போட்டது தெரியாது.

அந்த நடிகை உண்மையில் எதிர்ப்பக்கத்துக்காரர் என்று சொன்னேன். தோழி மாதிரி சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். அம்மா கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். "அதான் இவ்ளோ பயந்து பயந்து நடிக்குது" என்றார். மிரியானாவின் நடிப்பைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனத்திலும் இது இல்லை.

அப்பாவிடமிருந்து எனக்கு என்ன வந்தது என்று சாரா கேட்பாள். எஸ்மா யோசித்துவிட்டு, தலைமுடி என்பாள். உண்மை தெரிந்த பிறகு சாரா குளியலறைக்குப் போய்த் தன் தலையைத் தானே மழித்துக்கொள்வாள். அந்த இடம் வருவதற்கு முன்னால்தான் எனக்கு உறைத்தது. ரிமோட்டைத் தேடினேன். அம்மா தலையில் கட்டியிருந்த பருத்தித் துணியைச் சரிசெய்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் மொட்ட அடிச்சுக்குறா?"

விளக்கினேன்.

"ம்." கொஞ்ச நேரம் கழித்து, "அவளாச்சும் அவளே வழிச்சுக்கிட்டா" என்றார்.

படம் முடிந்ததும் மைலோ கேட்டார். கலக்கிக்கொண்டு வருவதற்குள் தூங்கியிருந்தார், வலது பக்கம் சாய்ந்து.